குண்டு மேடு

பிரிஞ்சாங் மலை டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த பக்கிரிசாமிக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. கடையில் ஏலக்காய் தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கேட்டால், “இருக்கே! சாயந்தரம் வாங்க, புதுசா பிரிச்சுத் தர்றேன்” என்பார். சாயந்தரத்துக்குள் எதிர்க்கடையில் வாங்கி வைத்துவிடுவார். அப்படிப் பழகிப்போன வாய். ரோஸ்மூர் தேயிலைத் தோட்டத்துத் துரை, பங்களாவுக்குப் பின்னால் துப்பாக்கி சுட்டுப் பழக ஓர் இடம் கட்டித் தர முடியுமா என்று கேட்டபோதும், “கட்டிரலாம் தொரை, அதுக்கென்ன!” என்று அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அதுவரை பக்கிரிசாமி கையில் பிடித்த ஒரே ஆயுதம் குத்தூசிதான். அரிசி மூட்டையைப் பிரிக்காமலே குத்தி, உள்ளே இருப்பதில் ஒரு பிடியை வெளியே இழுத்துப் பார்க்கிற பித்தளை ஊசி. நடுவில் பள்ளம் ஓடியிருக்கும். மற்றவர்களுக்குச் சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் அவருக்கு அது இருக்கும். மூட்டையின் வாயில் எவனும் நல்ல அரிசியைத்தான் வைப்பான், வயிற்றில் என்ன வைத்திருக்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும் என்று கடைப் பையன்களுக்குப் பாடம் நடத்துவார்.

எழுபத்தாறாம் வருஷம் அது. வெள்ளைக்காரத் துரை சாமான்களைக் கட்டிக்கொண்டு சீமைக்குப் போய், அந்த நாற்காலியில் முதன்முதலாக ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். ராதாகிருஷ்ணன் என்று பெயர். நம்ம ஆள் வந்துவிட்டார், இனி தோட்டமே மாறிவிடும் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பேசிக்கொண்டார்கள். மாறத்தான் செய்தது. முன்பு பங்களாவில் டென்னிஸ் ஆடினார்கள், இப்போது துப்பாக்கி சுடப் போகிறார்கள். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்த இரட்டைக் குழல் துப்பாக்கி துரையிடம் இருந்தது. மற்றத் தோட்டத்து நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். போலீசில் அனுமதியும் வாங்கியாகிவிட்டது.

பங்களாவுக்குப் பின்னால் நீளமான புல்தரை. அது முடிகிற இடத்தில் தேயிலைச் சரிவு. சரிவுக்குக் கீழே லயத்துக்குப் போகிற பாதை. துரை நடந்து காட்டினார்.

“இந்தப் பக்கம் ஒரு பொண்டோக். தகரக் கூரை, ரெண்டு பெஞ்சு. மழை பெஞ்சாலும் நின்னு சுடணும். அந்தக் கோடியில ஒரு சுவர். முன்னாடி பலகை, பின்னாடி பலகை, நடுவுல ஒரு ஆள் கையை விரிச்ச அகலத்துக்கு மண்ணு. சுவருக்குப் பின்னால, குறி பட்டுச்சா இல்லையான்னு கொடி காட்டுறவன் நிக்கிறதுக்குத் தகரத்துல ஒரு சின்னக் கூண்டு. முக்கியமா மண்ணைச் சலிச்சுப் போடணும். கல்லு இருந்துச்சுன்னா, குண்டு அதுல பட்டுத் திரும்பி நம்ம நெத்தியைத் தேடி வரும்.”

“ஒரு கல்லு இருக்காது தொரை.”

“நல்லாச் செய்ங்க. தோட்டத்துக் கடை சும்மாத்தான் பூட்டிக் கிடக்கு. வேலை முடியட்டும், அதைப் பத்தியும் பேசுவோம்.”

பக்கிரிசாமியின் காதில் சுவர், மண், கூண்டு எல்லாம் போய், அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தங்கியது. பழைய கடைக்காரர் மகனோடு ஈப்போவுக்குப் போனதிலிருந்து அந்தக் கடை மேல் அவருக்குக் கண். லயத்து ஜனம் முழுக்க வேறு எங்கும் போக முடியாமல் வந்து வாங்குகிற கடை. எந்த வியாபாரிக்குத்தான் கனவில் வராது?

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவர் மனைவி அம்மாக்கண்ணு பிறந்து வளர்ந்ததே அந்தத் தோட்டத்து லயத்தில்தான். கல்யாணமான புதிதில் பிரிஞ்சாங் கடைக்காரர்கள் பெண் எந்த ஊர் என்று கேட்டபோது, “ஈப்போ பக்கம்” என்று சொல்லி வைத்தார். அப்படிச் சொன்னதை அம்மாக்கண்ணு ஒரு தடவை காதால் கேட்டாள். கேட்டுவிட்டு, “அங்க எந்தத் தெருன்னு சொல்லி வைங்க, யாராச்சும் கேட்டா எனக்குத் தெரியணும்ல” என்றாள். அதோடு சரி.

அவள் தம்பி ஆண்டியப்பன் இன்னும் அங்கேதான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையில் இருந்தான். துரை கொடுத்து அனுப்பிய மூன்று ஆட்களில் அவனும் ஒருவன். முதல் நாள் காலையிலேயே சங்கூல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புல்தரையில் ஓடி வந்தான்.

“மச்சான்! நம்ம கான்ட்ராக்ட்டா இது? நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!”

பக்கிரிசாமி பங்களா ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவன் தோளில் கை போட்டுப் பலகைக் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“இங்க அப்படிக் கூப்பிடாதே.”

“எப்படி?”

“மச்சான்னு. மொதலாளின்னு கூப்பிடு.”

“ஏன் மச்சான்?”

“பாரு, மறுபடியும்! கான்ட்ராக்ட் வேலைலா இது. சொந்தக்காரன வச்சுச் செய்யுறேன்னு தொரை நினைச்சா நல்லாவா இருக்கும்?”

“தொரைதானே என்னை அனுப்புனாரு.”

“அது… அதெல்லாம் உனக்குப் புரியாது.”

ஆண்டியப்பனுக்குப் புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. சங்கூல் பிடியைத் தடவினான்.

“சரிங்க மொதலாளி” என்றான். குழம்புக்கு உப்பு கேட்டவருக்கு உப்பை எடுத்து வைக்கிற மாதிரி, வேறு எந்தப் பாரமும் இல்லாமல் சொன்னான். அன்றிலிருந்து அவன் ஒரு தடவைகூட மறக்கவில்லை. மறந்து போய் மச்சான் என்று கூப்பிட்டுவிடுவானோ என்று பக்கிரிசாமிதான் தினமும் பயந்தார்.

பொண்டோக் சீக்கிரம் எழும்பிவிட்டது. சுவர்தான் எழும்பவில்லை. ஃபேக்டரியில் தேயிலை சலித்துத் தேய்ந்துபோன பெரிய சல்லடை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன் பிடித்து ஆட்ட வேண்டும். அந்த மலை மண்ணோ, பாதி மண், பாதி கல். மத்தியானமானால் மழை. ஈரமண் சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும். விழுந்த மண்ணை ஆண்டியப்பன் மறுபடி விரலால் துழாவி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்குவான்.

“போதும்டா, சின்னக் கல்லுதானே” என்பார் பக்கிரிசாமி.

“தொரை ஒரு கல்லு இருக்கக் கூடாதுன்னாரே மொதலாளி.”

“சொல்றவங்க அப்படித்தான் சொல்வாங்க.”

“நாளைக்கு இதுக்குப் பின்னால எவன் நிக்கப் போறானோ” என்றபடி அவன் பொறுக்கிக்கொண்டே இருப்பான்.

ஆயுத பூஜையன்று திறப்பு விழா என்று துரை நாள் குறித்துவிட்டார். ஃபேக்டரி இயந்திரங்களுக்குப் பொட்டு வைக்கும்போதே துப்பாக்கிக்கும் வைத்து, அன்றைக்கே முதல் குண்டு. மற்றத் தோட்டங்களுக்கு அழைப்பும் போய்விட்டது. பலகைகளுக்கு நடுவே மண் இடுப்பு உயரம்தான் வந்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஆண்டியப்பனின் மாமனார் பீடோரில் இறந்துபோனார். அவன் மனைவி வேலம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காரியத்துக்குப் போனான். மிச்சமிருந்த இருவரும் சல்லடையைப் பிடித்ததைவிடச் சுருட்டைப் பிடித்ததுதான் அதிகம்.

ஒரு காலை, ஃபேக்டரிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த பக்கிரிசாமி அந்தக் குவியலைப் பார்த்தார். தேயிலையில் கழித்துப் போட்ட காம்பும் நாரும் தூசியும், ஆள் உயரத்துக்கு. அதில் ஒரு கல் இல்லை. சலிக்க வேண்டியதில்லை. சும்மா கொடுப்பார்கள், எடுத்துப் போனால் நன்றிகூடச் சொல்வார்கள். பையிலிருந்து குத்தூசியை எடுத்துக் குவியலில் குத்தினார். கெட்டித்துப்போன தூள். பாதிக்கு மேல் ஊசி இறங்கவில்லை. இன்னொரு பக்கம் குத்தினார். அங்கேயும் பாதிதான்.

ஊசி இறங்காத இடத்தில் குண்டு எப்படி இறங்கும்? அரிசியும் பருப்பும் மிளகும் இத்தனை வருஷமாக அந்த ஊசிக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. பக்கிரிசாமி நம்பிவிட்டார். நம்புவது லாபமாக இருக்கும்போது மனுஷன் சீக்கிரம் நம்பிவிடுகிறான்.

திரிங்காப்பில் முட்டைகோஸ் ஏற்றுகிற லோரியையும் அதோடு ஆட்களையும் பிடித்து வந்தார். தோட்டத்து ஆட்கள் இருவரையும் பொண்டோக்குக்குச் சாயம் அடிக்க அனுப்பிவிட்டார். ஒரே நாளில் சுவர் நிறைந்தது. மேலே மட்டும் இரண்டு கூடை மண்ணைத் தூவி, தட்டி, நெற்றியில் நீறு பூசுகிற மாதிரி பூசி முடித்தார். துரை வந்து பார்த்தார். பலகையைத் தட்டினார். “வேகமா முடிச்சிட்டீங்களே!” என்றார்.

“ஆள் போட்டேன் தொரை.”

பீடோரிலிருந்து திரும்பிய ஆண்டியப்பனும் அதையே கேட்டான். அவனுக்கும் அதே பதில். லயத்தில் அதற்குள் ‘குண்டு மேடு’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பூஜை நாளன்று வானம் மூடியிருந்தது. பொண்டோக்கில் ஒரு மேசை. அதில் வாழையிலை விரித்து, கவ்வாத்துக் கத்திகள், சங்கூல், அந்தப் பழைய சல்லடை, நடுவில் துரையின் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். சுவருக்கு முன்னால் ஒரு மரக்கட்டை மேல் வெள்ளைப் பூசணிக்காய், உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றியது. துரையின் முதல் குண்டு திருஷ்டி கழிக்கிற குண்டு. மற்றத் தோட்டத்துத் துரைமார்கள், அவர்கள் வீட்டு அம்மாமார்கள், தானா ராத்தாவிலிருந்து சில பெரிய மனிதர்கள். அம்மாக்கண்ணு பட்டுப் புடவையில் அந்த அம்மாமார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். லயத்து ஜனம் ஓரமாகத் தேயிலைச் செடிகளுக்கு இடையில் நின்றது. அதில் வேலம்மாவும் இருந்தாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலையாட்டிக்கொள்ளவில்லை. அதற்கும் பக்கிரிசாமி முதல்நாளே வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

“கொடி யாரு காட்டுறா?” என்று துரை கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் அவரே, “ஆண்டியப்பன் வரட்டும். மண்ணு சலிச்சவன் அவன்தானே” என்றார்.

ஆண்டியப்பன் புதுச் சட்டை போட்டிருந்தான், வெளிர்நீலம். சிவப்புக் கொடி ஒன்று, வெள்ளைக் கொடி ஒன்று. இரண்டையும் கல்யாணத் தாம்பூலம் மாதிரி வாங்கிக்கொண்டு புல்தரையில் நடந்தான். சுவரைச் சுற்றிப் போய் மறைந்தான்.

அப்போதுதான் பக்கிரிசாமிக்கு உறைத்தது. இதுவரை அது சுவர். இப்போது அதற்குப் பின்னால் ஓர் ஆள். துரை துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை உள்ளே போடுவதைப் பக்கிரிசாமி பார்த்தார். பன்றிக்குப் போடுகிற ஒற்றைக் குண்டு. கட்டைவிரல் தடிமனில் பித்தளை பளபளத்தது. பக்கிரிசாமியின் கை தானாகப் பையிலிருந்த ஊசியைத் தொட்டது. ஊசி கையால் குத்துவது. இது கையால் குத்துவதில்லை.

“தொரை, ராகு காலம் முடியட்டுமே” என்றார்.

“அது அப்பவே முடிஞ்சிருச்சுன்னு ஐயர் சொன்னாரே.”

“எமகண்டம்?”

“அதுவும் முடிஞ்சுது.”

“குளிகைன்னு ஒண்ணு…”

பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சிரித்துவிட்டார். “மொதலாளி பஞ்சாங்கத்தையும் சில்லறையா விக்கிறாருலா!”

“மழை வர்ற மாதிரி இருக்கு தொரை.”

“அதுக்குத்தானே இந்தப் பொண்டோக்கைக் கட்டச் சொன்னேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். பக்கிரிசாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “கூண்டு சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு ஓடி வந்துர்றேன்” என்று புல்தரையில் இறங்கிவிட்டார். அவ்வளவு நீளமான புல்தரையை அவர் அதற்கு முன் நடந்ததில்லை.

தகரக் கூண்டுக்குள் ஆண்டியப்பன் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

“வெளிய வாடா. நான் பாத்துக்கிறேன். நீ போய்ச் சுண்டல் சாப்பிடு.”

“சுண்டலுக்கு என்ன அவசரம் மொதலாளி. இது தொரை எனக்குன்னு குடுத்த வேலை. வேலம்மா பாத்துக்கிட்டு நிக்கிறா, புள்ளைங்க நிக்குது. இப்பப் போயி…”

“சொன்னாக் கேளு.”

“என்ன ஆச்சு? மூஞ்செல்லாம் வேர்க்குது?”

“உள்ள மண்ணு… இடுப்பு வரைக்கும்தான்டா மண்ணு.”

“அதுக்கு மேல?”

ஆண்டியப்பன் அவர் முகத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

“அந்த ஊசியக் குடுங்க.”

நெஞ்சு உயரத்தில் இரண்டு பலகைக்கு நடுவில் குத்தினான். மழையில் ஊறி இளகியிருந்த தூளில் ஊசி முழுக்க இறங்கியது. திருப்பி இழுத்தான். உள்ளங்கையில் கறுப்பாக ஒரு பிடி வந்து விழுந்தது. காம்பும் நாரும் தூசியும். உள்ளே புழுங்கிச் சூடாக இருந்தது. அவன் மூக்கருகே கொண்டுபோனான். அவன் பிறந்ததிலிருந்து முகர்ந்த வாசனை. முகர்ந்துதான் தெரிய வேண்டுமென்று இல்லை.

“குப்பைத் தூளு” என்றான்.

“ஊசி இறங்கலடா அன்னிக்கு. சத்தியமா இறங்கல.”

ஆண்டியப்பன் கையைத் தட்டிக்கொண்டான். கீழே மண் இருக்கிற உயரத்தைப் பலகையில் கையால் அளந்தான். “இடுப்பு வரைக்கும் மண்ணுன்னா, சுடுறப்போ குத்த வச்சு உக்காந்துக்கலாம். சத்தம் கேட்டதும் எந்திரிச்சுக் கொடியைக் காட்டலாம்” என்றான், பாதி கேள்வியாக.

பக்கிரிசாமி அதை எடை போட்டுப் பார்த்தார். ஒரு நொடிதான். ஆள் உட்கார்ந்துகொள்வான், குண்டு மேலே போய்விடும், விழா நடந்துவிடும், நாளைக்கு ஆள் வைத்து இரவோடு இரவாக மண்ணை மாற்றிவிடலாம், கடையும் கிடைத்துவிடும். தராசின் முள் அந்தப் பக்கம் சாய்ந்ததுகூட. ஆண்டியப்பன் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். முள் சாய்ந்ததை அவன் பார்த்துவிட்டான்.

“அக்கா வந்திருக்கு” என்றான் மெதுவாக. “நானே பேசிக்கிறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க.” ஊசியைத் துடைத்து அவர் பையிலேயே செருகிவிட்டு வெளியே நடந்தான்.

பொண்டோக்குக்கு முன்னால் போய் நின்று கொடிகளைத் தரையில் வைத்தான். “எனக்குப் பயமா இருக்கு தொரை. நிக்க முடியல.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு சிரிப்பு. அம்மாமார்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். “கவ்வாத்துக் கத்தியைச் சுத்துறப்ப பயம் இல்லையாக்கும்!” என்றார் ஒருவர். செடிகளுக்கு இடையிலிருந்து, “ஏலே ஆண்டி, சேலை வேணுமாடா?” என்று ஒரு குரல். லயமே சிரித்தது. வேலம்மா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அம்மாக்கண்ணு பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பக்கிரிசாமி அவனுக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அவர் சொல்லவில்லை. வாயைத் திறக்காதீங்க என்று அவனே சொல்லிவிட்டானே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிழைக்கத் தெரிந்தவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்?

துரை கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, அவனை விடுங்க. மொதலாளி, நீங்க போய் நில்லுங்க. கட்டினவரே நின்னாருன்னா இவன் பயமும் தெளிஞ்சிரும்.”

“நான்… நானா?”

“நீங்கதான். உங்க சுவர்தானே?”

யாரோ சிவப்புக் கொடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். துரை துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சரி பார்த்தார். பக்கிரிசாமி இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை.

“இல்ல தொரை” என்றார்.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அம்மாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள்.

“உள்ள மண்ணு இல்ல. பாதிக்கு மேல ஃபேக்டரி கழிவுத் தூளு.”

துரை துப்பாக்கியை மடித்தார். தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவசரப்படவே இல்லை.

“இது உங்களுக்கு எப்பவிருந்து தெரியும்?”

“போட்டதிலேருந்து.”

“இப்ப ஆண்டியப்பன் அங்க போய் நின்னான். அப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

“அவன்கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேன் தொரை. அதனாலதான் அவன்…”

“அவன்கிட்டச் சொன்னீங்க. என்கிட்ட ராகு காலம், எமகண்டம் சொன்னீங்க.” துரை தோட்டாவை வைத்திருந்த கையை மூடினார். “நீங்க நிக்கணும்னு ஆனதும் நிஜம் வருது.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது பக்கிரிசாமிக்கு. கையில் சிவப்புக் கொடி இன்னும் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மாக்கண்ணு எழுந்தாள். பட்டுப் புடவை ஈரப்புல்லில் உரச, எல்லாரும் பார்க்க, நேரே நடந்து வந்து ஆண்டியப்பனின் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த தேயிலைத் தூசியைத் தட்டிவிட்டாள்.

“அக்காவுக்காகவாடா இத்தனை பேர் முன்னாடி நின்னே?” என்றாள்.

துரை அவளைப் பார்த்தார், பக்கிரிசாமியைப் பார்த்தார். “இவங்க…?”

“என் சம்சாரம் இந்தத் தோட்டத்துப் பொண்ணு, தொரை. ஆண்டியப்பன் அவ கூடப்பொறந்த தம்பி. எனக்கு மச்சான்.” இத்தனை வருஷம் விழுங்கி வைத்திருந்த சொல்லை இத்தனை பேர் முன்னிலையில் சொல்லிவிட்டு, பக்கிரிசாமி ஆண்டியப்பனைப் பார்த்தார். ஆமாம் என்று அவன் தலையாட்டினால் போதும்.

“அப்படியா ஆண்டியப்பா?” என்றார் துரை.

“மொதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும் தொரை” என்றான் ஆண்டியப்பன்.

துரை லயத்து ஜனத்தைப் பாதையிலிருந்து விலக்கச் சொன்னார். சுவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்று ஆள் அனுப்பி உறுதி செய்துகொண்டார். பிறகு பூசணிக்காயை விட்டுவிட்டுச் சுவரை நெஞ்சு உயரத்துக்குக் குறி பார்த்து ஒரே குண்டு சுட்டார். மலைமேல் சத்தம் உருண்டு உருண்டு போய் அடங்கியது. பலகை ஓட்டையிலிருந்து தேயிலைத் தூள் மெல்லிய கோடாகக் கொட்டத் தொடங்கியது. நிற்கவே இல்லை, கொட்டிக்கொண்டே இருந்தது.

எல்லாரும் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். கூண்டின் தகரத்தில், ஆண்டியப்பன் நிமிர்ந்து நின்ற இடத்தில், ஓட்டை. தகரம் வெளிப்பக்கமாகப் பிதுங்கி, பூ விரிந்த மாதிரி விரிந்திருந்தது. வேலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டாள். பிறகு கட்டைவிரலை விட்டாள். அதுவும் போனது. திரும்பிப் பக்கிரிசாமியைப் பார்த்தாள்.

“உங்களுக்கு அளந்து பாக்கணுமா அண்ணே?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். சுண்டல் பாத்திரம் பொண்டோக்கில் மூடியபடியே இருந்தது. விருந்தாளிகள் கார்களைக் கிளப்பினார்கள். துரை போகும்போது கடையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கேட்கிற தைரியம் பக்கிரிசாமிக்கும் இல்லை. “சுவரை நானே பிரிச்சு, நானே மண்ணு சலிச்சுப் போட்டுத் தர்றேன் தொரை” என்று மட்டும் சொன்னார்.

“நீங்களேன்னா?”

“என் கையால.”

“சரி. சல்லடைக்கு அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும். ஆண்டியப்பன அனுப்புறேன்” என்றார் துரை. அது தண்டனையா தயவா என்று பக்கிரிசாமிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அன்று வீட்டில் அம்மாக்கண்ணு சத்தம் போடவில்லை. பட்டுப் புடவையை மடித்து வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து கேட்டாள்: “டீ போடவா, இல்ல அந்தத் தூளு வேற எந்தச் சுவத்துக்காச்சும் தேவைப்படுதா?” பக்கிரிசாமி வெந்நீர் போதும் என்றார்.

மறுநாள் பலகையைப் பெயர்த்ததும் தூள் ஆவி பறக்கச் சரிந்து புல்தரையில் ஓடியது. அதில் மழை விழுந்து சரிவு முழுக்க சாயத் தண்ணீர். லயத்துப் பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி விளையாடின. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யார் வீட்டிலாவது சாயம் இறங்காத தண்ணித் தேநீர் வந்தால், “என்னா, மொதலாளி டீயா?” என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. காரணம் தெரியாத பிள்ளைகள்கூடக் கேட்டன.

பக்கிரிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சல்லடையின் ஒரு கோடியைப் பிடித்தார். மறு கோடியில் ஆண்டியப்பன். ஆட்ட ஆட்ட மண் கீழே விழுந்தது, கல் மேலே குதித்தது. வியாபாரிக் கையில் சீக்கிரமே கொப்புளம் வந்துவிட்டது. அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால், போதும் உட்காருங்க என்று அவன் சொல்லிவிடுவானோ என்று பயம். அதைவிடப் பயம், சொல்லாமல் விட்டுவிடுவானோ என்று.

சலித்த மண்ணில் குனிந்து, அவனைப் போலவே விரலால் துழாவி, பொடிக்கற்களைப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்.

“மச்சான்னு கூப்பிடுடா. தொரைக்கும் தெரிஞ்சு போச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.”

ஆண்டியப்பன் அடுத்த கூடை மண்ணைச் சல்லடையில் கொட்டினான். சமமாகப் பரப்பினான். தன் கோடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

“தூக்குங்க மொதலாளி,” என்றான், கோபமே இல்லாமல். “மழை வர்றதுக்குள்ள இதையாவது முடிப்போம்.”

பக்கிரிசாமி தம் கோடியைத் தூக்கினார்.